ஹோமர் ஜே. சிம்ப்சன் முதல் ஆதி குணசேகரன் வரை: இனிஷியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் ஃபார்ம் எல்லாம் பார்க்கிற சின்னக் கடை எனக்கு. பகல் முழுக்க அடுத்தவர் பெயரைக் கட்டம் கட்டமாக நிரப்புவது வேலை. ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு ஆங்கிலத் தொடர்கள் பார்ப்பது பழக்கம். இரண்டும் தெரிந்த ஆள் என்று பெயர் வாங்கிவிட்டதால், "அண்ணே, ஹோமர் சிம்ப்சனுக்கு நடுவுல ஒரு ஜே வருதே, அது என்னண்ணே?" என்று கேட்டு வரும் காலேஜ் பையன்களும், "மிடில் நேம்னு கேக்குதே, என்ன போடணும் தம்பி?" என்று கேட்டு வரும் பெரியவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே பதிலைத் தினமும் சொல்ல முடியவில்லை, எழுதிவைத்துவிட்டேன். தொடர்களைப் பார்த்து முடிக்காதவர்கள் கவனம், சில முடிச்சுகளை அவிழ்த்திருக்கிறேன்.

சரி, அந்த ஜே என்னதான்?

ஜே. விளையாட்டில்லை, அதுதான் பதில். சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் நாயகன் ஹோமர் ஜே. சிம்ப்சனின் முழுப்பெயர் ஹோமர் ஜே சிம்ப்சன். முதலில் புள்ளி வைத்த ஒற்றை எழுத்து, விரித்தால் அதே ஓசையில் ஒரு பெயர். 1998இல் வந்த எபிசோடில் ஹோமருக்கே தன் ஜே என்னவென்று தெரியாது. அப்பாவைக் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை, அம்மாவுக்குத்தான் தெரியும் என்கிறார். அம்மா ஒரு காலத்தில் தங்கியிருந்த ஹிப்பிப் பண்ணையைத் தேடிப் போகிறான். அங்கே அவள் வரைந்து வைத்த சுவர்ச் சித்திரத்தில் மகனின் முழுப்பெயர் எழுதியிருக்கிறது. பார்த்ததும் அவனுக்கு வருகிற பெருமிதத்தைப் பார்க்க வேண்டுமே! நம் ஊரில் ஒருவன் "என் இனிஷியல் கே, விரித்தால் கே" என்று சொன்னால் தாலுகா ஆபீஸில் சிரிப்பார்கள்.

கதைக்கு வெளியே வேறொரு காரணம் உண்டு. 1959இல் தொடங்கிய பழைய அமெரிக்கக் கார்ட்டூனில் ராக்கெட் ஜே. ஸ்குவிரல் என்ற அணிலும் புல்விங்கிள் ஜே. மூஸ் என்ற கடமானும் வரும். அந்த ஜே, அவற்றை உருவாக்கிய ஜே வார்டின் பெயர். சிம்ப்சன்காரர்கள் அந்த எழுத்தை மரியாதையாக எடுத்து ஹோமருக்கு வைத்தார்கள். அதாவது அணிலுக்கும் கடமானுக்கும் இனிஷியல் அப்பன் பெயரில்தான் வந்திருக்கிறது! நம் முறைக்கு மிக அருகில் வருகிற அமெரிக்க உதாரணம் எனக்குத் தெரிந்து இதுதான்.

ஸ்டார் டிரெக் கேப்டன் கர்க்குக்கு டி எங்கிருந்து வந்தது?

தொடக்கத்தில் டி-யே கிடையாது. 1966இல் ஒளிபரப்பான ஓர் ஆரம்ப எபிசோடில் வில்லன் அவருக்குக் கல்லறை தயார் செய்கிறான். கல்லில் ஜேம்ஸ் ஆர். கர்க் என்று வெட்டியிருக்கும். அப்புறம் தொடர் ஓட ஓட ஜேம்ஸ் டி. கர்க் ஆகிவிட்டார். ஆர் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. டி என்றால் டைபீரியஸ் என்பது 1974இல், அதே தொடரின் கார்ட்டூன் வடிவத்தில்தான் வெளியே வந்தது. 1991இல் திரைப்படத்திலும் அந்தப் பெயரைச் சொன்னபிறகு உறுதியாயிற்று. இடையில் கால் நூற்றாண்டு போய்விட்டது. எழுத்து முதலில், பெயர் பிறகு. மனையை வளைத்துப்போட்டுவிட்டு வீடு கட்டப் பணம் வரும்வரை காத்திருப்பதுபோல.

டைபீரியஸ் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட ரோமப் பேரரசன். அவன் நமக்கு அந்நியன் அல்ல. காவிரியோடு சேரும் அமராவதி ஆற்று மணலில், கரூர்ப் பக்கம், ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. கொங்குநாட்டுப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் இருவரின் வெள்ளிக்காசுகளே மிகுதி. விண்வெளிக் கப்பல் கேப்டனின் நடுப்பெயர் நம் ஆற்றோரத்தில் இரண்டாயிரம் வருஷமாகப் புதைந்து கிடந்தது என்று சொன்னால் பையன்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அப்படியானால் நம் இனிஷியலும் அவர்களுடைய மிடில் நேமும் ஒன்றுதானே?

இல்லை. கடையில் நடக்கிற குழப்பத்தில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்கப் பெயரில் நடுவில் நிற்கும் எழுத்தும் அந்த ஆளுக்கே வைத்த பெயர்தான். பெற்றவர்கள் இரண்டு பெயர் வைத்தார்கள், ஒன்றைக் கூப்பிடுகிறார்கள், இன்னொன்றை மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அதனால்தான் அதை ரகசியமாக்க முடிகிறது, நகைச்சுவையாக்க முடிகிறது, பத்தாவது சீசனில் அவிழ்க்க முடிகிறது. நம் எழுத்து நம்முடையதே அல்ல. அது அப்பா. இரண்டு எழுத்து இருந்தால் முன்னது பெரும்பாலும் ஊர். நம்மைக் கூப்பிடும்முன் வாசலில் நிற்கிற ஆட்கள் அவர்கள். யாருக்கும் தெரியாத இனிஷியல் என்று நம் தெருவில் ஒன்று இருக்க முடியாது. டீக்கடையில் கேட்டால் விரித்துச் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரில் எம் மாயவரம், கே அப்பா கிருஷ்ணமூர்த்தி. அவர் வளர்ந்தது திருச்சியில், ஆனால் 1910இல் பிறந்த ஊர் எழுத்தாகக் கூடவே போயிற்று. மாயூரம், மாயவரம் என்று இருந்த பெயர் 1982இல் மயிலாடுதுறை ஆனது. எம் மட்டும் எதற்கும் அசையவில்லை. பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரம் உ.வே.சா.வின் முதல் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சின்னக் கிராமத்தைப் பார்க்காதவர்கள்கூட தினம் அதை உச்சரிக்கிறார்கள், தெரியாமலே. சினிமாவுக்கு அப்புறம் சின்னத்திரைக்கும் வந்து தொடர்கள் எடுத்த கே. பாலசந்தர் நன்னிலத்துக்காரர். அவருடைய கே அப்பா கைலாசம்.

டி என்று ஒருவருக்கு இனிஷியல் இருந்தால் எந்த ஊர்?

டெல்டாவில் இதைவிடக் கஷ்டமான கேள்வி கிடையாது. தஞ்சாவூர், தரங்கம்பாடி, திருவாரூர், திருவையாறு, திருவிடைமருதூர், திருத்துறைப்பூண்டி, திருவாவடுதுறை, திருமருகல். தடுக்கி விழுந்தால் டி. தமிழில் எழுதினாலும் பாதிக்கு மேல் தி.

நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையைத் திருவாவடுதுறை ராஜரத்தினம் என்றே ஊர் உலகம் சொல்லும். அதனால் டி திருவாவடுதுறை என்று பலரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் அது திருமருகல். என் என்ற எழுத்து அவரைப் பெற்ற அப்பாவும் அல்ல, தத்தெடுத்து வளர்த்த தாய்மாமன் நடேச பிள்ளை. இரண்டு எழுத்துக்குள் பிறந்த ஊரும் ஒரு தத்துக் கதையும் இருக்கிறது. ஒரு சீரியலே எடுக்கலாம். எடுத்தால் ஆயிரம் எபிசோட் ஓட்டிவிடுவார்களே என்று பயமாகவும் இருக்கிறது.

அம்மா பெயரில் இனிஷியல் வைத்த டிவி கதாபாத்திரம் உண்டா?

உண்டு, பாதிக்குப் பாதி. கொரியப் போரில் ராணுவ ஆஸ்பத்திரி டாக்டர்களைப் பற்றிய மேஷ் என்ற தொடர் 1972 முதல் 1983 வரை ஓடியது. அதில் பி.ஜே. ஹன்னிகட் என்று ஒரு டாக்டர். பி.ஜே. என்றால் என்னவென்று நண்பன் குடைந்து குடைந்து கேட்பான். "உனக்கு என்ன பிடிக்குதோ அதை வச்சுக்கோ" என்கிற பாணியில் பதில் வரும். கடைசியில் பார்த்தால் அம்மா பெயர் பீ, அப்பா பெயர் ஜே. இருவரையும் சேர்த்து மகனுக்கு பி.ஜே. அவர்கள் ஊரில் அது நகைச்சுவை. எங்கள் கடையில் அதைச் சொன்னால் "இதுல என்ன இருக்கு, சரியாத்தானே வச்சிருக்காங்க" என்பார்கள்.

நம் பக்கம் அம்மா எழுத்து பாட்டுக்காரர்களிடம் எப்போதோ வந்துவிட்டது. கே.பி. சுந்தராம்பாளில் கே காவிரிக்கரைக் கொடுமுடி, பி அம்மா பாலாம்பாள். எம்.எஸ். சுப்புலட்சுமியில் எஸ் அம்மா சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியில் எல் அம்மா லலிதாங்கி.

எழுத்துக்குப் பின்னால் எதுவுமே இல்லாத இனிஷியல் உண்டா?

அமெரிக்க அதிபர் ஹாரி எஸ். ட்ரூமனின் எஸ். ஒரு தாத்தா பெயரில் ஷிப் உண்டு, இன்னொரு தாத்தா சாலமன். யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம் என்று வெறும் எஸ்ஸை மட்டும் வைத்துவிட்டார்கள். சம்பந்திச் சண்டையைத் தவிர்க்க இவ்வளவு நல்ல உபாயம் நம் பெரியவர்களுக்குத் தோன்றவில்லை பாருங்கள். 1990இல் வந்த ட்வின் பீக்ஸ் தொடரில் ஊர் ஷெரீஃபுக்கு இதே பெயரை அப்படியே வைத்தார்கள், எஸ் உட்பட.

சான்ட்லர் பிங்கின் நடுப்பெயர்?

மியூரியல். பெண்கள் பெயர். ஃப்ரெண்ட்ஸ் என்ற அமெரிக்கத் தொடரில் அதற்காக அவன் படும் பாடு தெரிந்ததுதான். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. அவன் வீட்டுக்கு வரும் டிவி நிகழ்ச்சிப் பத்திரிகையின் முகவரிச் சீட்டில் அவன் பெயர் "மிஸ் சனான்ட்லர் பாங்" என்று அச்சாகியிருக்கும். பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். ஸ்மார்ட் கார்டில் தன் பெயரைப் பார்த்துவிட்டு என் கடைக்குத் திருத்தம் போட வருகிறவர்கள் யாரும் சிரிப்பதில்லை.

பிக் பேங் தியரி ராஜேஷ் கூத்ரப்பாலி நம்ம ஊர்ப்பக்கமா?

கதைப்படி டெல்லி. முழுப்பெயர் ராஜேஷ் ராமாயண் கூத்ரப்பாலி. ராமாயணத்தையே மிடில் நேமாக வைத்த குடும்பத்தை நான் பார்த்ததில்லை. ராமன், சீதா, பரதன், ஏன், குகன்கூடப் பார்த்திருக்கிறேன். காவியத்தை மொத்தமாக யாரும் வைத்ததில்லை. கூத்ரப்பாலி என்பது காதில் "பள்ளி" என்று முடியும் கேரளத்து ஊர்ப்பெயர்போல விழுகிறது. ஊர் முன்னால் நிற்பது நம் வழக்கம், இங்கே பின்னால் போய்விட்டது.

கவனிக்க வேண்டியது அவன் அப்பா. தொடரில் அவர் வி.எம். கூத்ரப்பாலி. மகனுக்கு மூன்று பெயரும் முழுசாக இருக்க, அப்பாவுக்கு இரண்டு எழுத்து. எங்கள் கணக்குப்படி பையன் "வி. ராஜேஷ்" ஆகியிருக்க வேண்டும். ராமாயணத்தை நூலகத்தில் வைத்திருக்கலாம்.

இதே தொடரின் ஷெல்டன், லெனார்ட் இருவர் பெயரும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. ஷெல்டன் லெனார்ட் என்ற பழைய டிவி தயாரிப்பாளரை நடுவில் பிரித்து இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆங்கிலத் தொடரில் தமிழ்ப் பெண்கள் வந்தால் இனிஷியல் போடுவார்களா?

போட மாட்டார்கள். 2020இல் வந்த நெவர் ஹேவ் ஐ எவர் தொடரின் நாயகி தேவி விஸ்வகுமார், கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண். அப்பா பெயர் மோகன். நம் ஊர்ப் பள்ளி வருகைப்பதிவேட்டில் அவள் எம். தேவிதான். அங்கே அப்பாவும் மகளும் ஒரே விஸ்வகுமார். இறந்துபோன அப்பாவை நினைத்து அழுவதுதான் அந்தத் தொடரின் பாதிக் கதை. அவர் பெயரின் முதல் எழுத்து அவள் பெயருக்கு முன்னால் இல்லை என்பதை அங்கே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதுதான் உறுத்தியது.

இன்னொருத்தி அமிதா ராமானுஜன். 2005 முதல் 2010 வரை ஓடிய நம்பர்ஸ் என்ற, கணக்குப் போட்டுக் குற்றவாளியைப் பிடிக்கும் தொடரில் வரும் கணித மாணவி. பெயர் எங்கிருந்து வந்தது என்று கும்பகோணத்துக்காரர்களிடம் சொல்லவே வேண்டாம். ஆனால் ராமானுஜன் என்பது குடும்பப் பெயரே அல்ல. அது கும்பகோணத்துக் கணிதமேதைக்கு வைத்த பெயர். முன்னால் உள்ள சீனிவாசன், கும்பகோணத்துப் புடவைக் கடையில் கணக்கெழுதிய அவர் அப்பா. வெள்ளைக்காரர்கள் முன்னது பெயர், பின்னது குடும்பம் என்று வாசித்தார்கள். அதனால் அப்பா பெயர் மகனுடையது ஆனது, மகன் பெயர் வம்சத்துடையது ஆனது. இதே வேகத்தில் போனால் "மிஸ்டர் பாலசந்தர்" பரம்பரை என்று ஒன்றைக்கூட உண்டாக்கிவிடுவார்கள்.

ராமானுஜனுக்கு டிவியில் மரியாதையாக நடந்துகொண்டது ஒரு கார்ட்டூன். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் 1729 என்று அவர் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டியிடம் சொன்னது தெரிந்த கதை. ஃப்யூச்சுராமா தொடரில் நிம்பஸ் என்ற விண்கப்பலின் பதிவு எண் பி.பி. 1729. அதே தொடரின் ரோபோ பெண்டருக்கு நடுப்பெயர் பெண்டிங், அதாவது வளைத்தல். இரும்பை வளைக்கச் செய்த இயந்திரம், தொழிலே பெயர்.

ஷெர்லாக் தொடரில் வாட்சனின் எச்?

ஹேமிஷ். இதற்குள் ஒரு இலக்கணச் சங்கதி இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மூலக் கதைகளில் அவர் ஜான் எச். வாட்சன். எச் என்னவென்று கோனன் டாயில் எங்கும் எழுதவில்லை. ஆனால் ஒரு கதையில் மனைவி அவரை "ஜேம்ஸ்" என்று கூப்பிட்டுவிடுகிறாள். ஆசிரியர் மறந்துவிட்டார் என்று விட்டுவிடலாம். துப்பறியும் கதை எழுதிய டோரதி சேயர்ஸ் விடவில்லை. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸுக்கு ஹேமிஷ் என்றொரு வடிவம் உண்டு, எச் அதுதான், மனைவி நடுப்பெயரைச் செல்லமாக மாற்றிக் கூப்பிட்டிருக்கிறாள் என்று கட்டினார். 2012இல் வந்த பிபிசி எபிசோடில் வாட்சனே தன் வாயால் ஹேமிஷ் என்று சொல்லிவிட்டார்.

சங்கதி இது: அந்த மக்களின் கேலிக் மொழியில் ஜேம்ஸ் என்பது ஷேமஸ். அவனை விளித்தால் முதலெழுத்து மெலிந்து ஹேமிஷ் போல ஒலிக்கும். கேட்ட ஆங்கிலேயர்கள் கூப்பிட்ட வடிவத்தையே பெயராக எடுத்துக்கொண்டார்கள். எட்டாம் வேற்றுமை! கந்தனைக் "கந்தா" என்று கூப்பிடக் கேட்டு, பள்ளிச் சான்றிதழிலேயே கந்தா என்று எழுதிவிட்டதுபோல. அப்படி எழுதின சான்றிதழ் என் கடைக்கே வந்திருக்கிறது.

துப்பறியும் கொலம்போவின் முதல் பெயர் ஃபிலிப் என்கிறார்களே?

அது பொய், வேண்டுமென்றே விதைத்த பொய். பீட்டர் ஃபாக் நடித்த அந்தத் தொடரில் முதல் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஃபிரெட் வொர்த் என்பவர் பொது அறிவுக் களஞ்சியம் ஒன்று எழுதினார். தன் உழைப்பை யாராவது திருடினால் பிடிக்க வேண்டுமே என்று, கொலம்போவின் பெயர் ஃபிலிப் என்று ஒரு பொய்த் தகவலை உள்ளே செருகினார். ட்ரிவியல் பர்சூட் என்ற வினாடி வினா விளையாட்டின் அட்டையில் அதே ஃபிலிப் வந்து நின்றது. 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். ஆமாம், அந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்தோம் என்று எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டது. ஆனால் தகவல் யாருடைய சொத்தும் அல்ல என்று வழக்கு தள்ளுபடியாயிற்று. தன் வயல் நெல்லில் அடையாளத்துக்கு ஒரு பிடி வேறு நெல் கலந்துவைத்து, திருடனைப் பிடித்தும் கொடுத்து, பஞ்சாயத்தில் "நெல் பொதுதானே" என்று கேட்டுக்கொண்டு திரும்பின கதை.

எபிசோடில் கொலம்போ காட்டும் அடையாள அட்டையை நிறுத்தி உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரிந்த பெயர் ஃபிராங்க்.

மிஸ்டர் பீனுக்கு?

திரைப்படத்தில் அவர் பாஸ்போர்ட்டில் முதல் பெயர்க் கட்டத்தில் "மிஸ்டர்" என்றே இருக்கும். நான் அப்படி ஒரு ஃபார்மை அனுப்பினால் மறுநாளே திரும்பி வரும்.

நம் தமிழ் சீரியலில் யாருக்கும் இனிஷியலே இல்லையே, ஏன்?

வீட்டுக்குள்ளேயே கதை நடக்கிறது. வீட்டில் யார் யாரை இனிஷியலோடு கூப்பிடுகிறார்கள்? சீரியலில் இனிஷியல் தேவைப்படும் இடங்கள் மூன்றுதான்: கல்யாணப் பத்திரிகை, போலீஸ் ஸ்டேஷன், சொத்துப் பத்திரம். எதிர்நீச்சலில் மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரனைக் கவனியுங்கள். ஆதி என்பது ஆதிமுத்துவின் சுருக்கம். "ஏ. குணசேகரன்" என்று வைத்திருந்தால் அவர் ஒரு பள்ளி ஆசிரியர்போல இருப்பார். எழுத்தாகக் குறுக்காமல் பெயராகவே முன்னால் நிறுத்தியதில்தான் அந்த மீசை முறுக்கு வந்தது.

இனிஷியலைத் தமிழில்தான் எழுத வேண்டுமா?

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. பள்ளியில் தொடங்கி அரசு ஆவணங்கள் வரை பெயரோடு முன்னெழுத்தும் தமிழிலேயே இருக்க வேண்டும். இதில் எனக்கு முழுச் சம்மதம். எஸ் என்றால் சண்முகமா, சீனிவாசனா, சுப்பிரமணியனா? ச, சீ, சு என்று எழுதினால் ஆளே தெரிகிறான்.

கடைசியாக, அந்த மிடில் நேம் கட்டத்தில் என்ன போடுவது?

ஒன்றும் போடாதீர்கள். நமக்கு அது கிடையாது. காலியாக விட்டால் குற்றமில்லை.

பாஸ்போர்ட்டில் இனிஷியலைப் புள்ளி வைத்து எழுதாமல் விரித்து எழுத வேண்டும். "கிவன் நேம்" கட்டத்தில் உங்கள் பெயர், "சர்நேம்" கட்டத்தில் அப்பா பெயர் என்று பிரித்துப் போடுவது நல்லது. எல்லாவற்றையும் சர்நேமில் அடைத்துவிட்டு இன்னொன்றைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் எஃப்.என்.யூ. என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. வளைகுடா போகிற கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பிள்ளைகளுக்கு இன்னொன்று: ஒரே பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்து, பிறகு கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. கிளம்பும்முன் ஒருமுறை விமானக் கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கும் அப்படித்தான் நானே ஃபார்ம் போட்டேன். என் பெயரைச் சர்நேமில் எழுதினேன். இப்போது பெங்களூரில் வேலை. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது அவள் போன் அடித்தது, நான் எடுத்தேன். ஆங்கிலத்தில் ஒருத்தர் என் பெயரைச் சொல்லி இருக்கிறாரா என்று கேட்டார். "ஆமா சார், நான்தான் பேசறேன், சொல்லுங்க" என்றேன். உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "அப்பா, குடுங்க. அது நான்!"